தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மேலே

அந்தக் குடும்பத்தில் எந்த விஷயமானாலும் முதலில் கூடத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். பேசுவது எல்லோரும், முடிவெடுப்பது பெரியவர். முடிவான பிறகு அந்த வீட்டு வாசலைத் தாண்டி இரண்டாவது பேச்சு வெளியே போகாது. மகனுக்குப் பெண் பார்த்ததும் அப்படித்தான், சுவருக்கு வெள்ளையா மஞ்சளா என்று தீர்மானித்ததும் அப்படித்தான். மஞ்சள் பிடிக்காதவர்கள்கூடத் தெருவில் யாராவது கேட்டால், "மஞ்சள்தான் வீட்டுக்கு லட்சணம்" என்று சொல்லிவிட்டு வருவார்கள்.

பெரியவர் அப்படிப் பழக்கியதற்குக் காரணம் இருந்தது. அவர் நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நீதிபதிக்குக் கீழே, கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கேட்ட சாட்சியங்களுக்கு அளவில்லை. உண்மையைச் சொல்ல வந்த அண்ணன் சட்டை நீலம் என்பான், தம்பி பச்சை என்பான். வக்கீல் இருவரையும் சேர்த்து நனைத்துத் துவைத்துக் காயப்போட்டுவிடுவார். நல்ல மனிதர்கள் தலை குனிந்து படியிறங்குவதை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். நம் குடும்பத்துக்கு அப்படி ஒரு நாள் வரக்கூடாது, நமக்கு ஒரே வாய் என்று அப்போதே மனதுக்குள் எழுதிக்கொண்டுவிட்டார்.

அந்த வெளிச்சம் தெரிந்தது ஒரு காற்றில்லாத மாலையில். பகலெல்லாம் வெயில் வாட்டியெடுத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் தரை சட்டென்று குளிர்ந்திருந்தது. காய்ந்த துணிகளை எடுக்கப் பெரியவரும் அவர் மனைவியும் மொட்டை மாடிக்குப் போயிருந்தார்கள். இருட்டத் தொடங்கிய கிழக்கு வானத்தில், நகராட்சித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெளிச்சம் நின்றது. அசையவில்லை. கொஞ்சம் பெருத்தது, கொஞ்சம் சிறுத்தது, பிறகு யாரோ ஊதி அணைத்ததுபோல் காணாமல் போனது. திரும்பவும் வந்தது.

மனைவி கைப்பேசியை எடுத்து, லேத் பட்டறையில் இருந்த மகனை அழைத்தார். "டேய், வெளியே வந்து கிழக்கே பாரு" என்றார். மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மருமகளையும் அழைத்தார். இரண்டு பேரும் அவரவர் இடத்திலிருந்து பார்த்தார்கள். ஆக, ஒரே வெளிச்சத்தை ஒரே நேரத்தில் மூன்று இடங்களிலிருந்து நான்கு பேர் பார்த்தாயிற்று.

மறுநாளே விஷயம் மைத்துனரின் காதுக்குப் போய்விட்டது. மைத்துனர் என்றால் பெரியவரின் மனைவிக்குத் தம்பி. கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர். வாடிக்கையாளர்களுக்கு மாத்திரையோடு ஒரு கிண்டலையும் இலவசமாகக் கட்டிக் கொடுப்பவர். பெரியவர் கடைப் பக்கம் போனபோது நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"வாங்க அத்தான். நேத்து வானத்துல லைட்டு பாத்தீங்களாமே? கண்ணுக்குச் சொட்டு மருந்து எடுத்து வைக்கட்டுமா?"

"உங்கக்காவும்தான் பாத்தா."

"அப்படியா? சரி, ரெண்டு பாட்டிலா குடுத்துடறேன்."

நாலு பேரும் சிரித்தார்கள். பெரியவர் தேவையில்லாமல் ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு, நிமிர்ந்த முதுகோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவரை ஒருவன் கிறுக்கன் என்றால்கூடப் பொறுத்திருப்பார். அவர் குடும்பம் மொத்தமும் இல்லாததைப் பார்த்தது என்று ஊர் சொல்வதை அவரால் பொறுக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நகர நூலகத்தின் மாடியில் ஒரு பல்கலைக்கழகக் குழு வந்து இறங்கியிருந்தது. வானத்தில் தெரியும், காரணம் புரியாத வெளிச்சங்களை ஆராய்வது அவர்கள் வேலை. மாடி முழுக்கக் கேமராக்கள். ஒவ்வொன்றுக்கும் மழைக்குத் தொப்பி போட்டு, வானத்தைப் பார்த்து நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆனால் வெளிச்சம் தெரிந்த அந்த மாலையில் அவை இன்னும் பெட்டிக்குள் இருந்தன. குழுவின் தலைவி நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, இயற்பியல் ஆராய்ச்சியாளர். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே தேடும் பழக்கமுடையவர். பெரியவர் அவரிடம் போய், தன் குடும்பம் சாட்சி சொல்லத் தயார் என்றார்.

"ரொம்ப சந்தோஷம்யா. ஆனா ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். வர்றதுல முக்காவாசி விமானம், இல்ல சுக்கிரன், இல்ல யாராவது பறக்கவிட்ட காகித விளக்கு. விடை கிடைக்காததை ரெண்டு பெட்டியில போடுவோம். தகவல் பத்தாததால புரியாதது ஒரு பெட்டி. எல்லாத் தகவலும் இருந்தும் புரியாதது இன்னொரு பெட்டி. அந்த ரெண்டாவது பெட்டி கிட்டத்தட்ட காலி."

பெரியவர் அந்த இரண்டாவது பெட்டியை, சபையில் காலியாக இருக்கும் முன்வரிசை நாற்காலியைப் பார்ப்பதுபோல மனதுக்குள் பார்த்துக்கொண்டார். அங்கே நம் குடும்பம் உட்கார்ந்துவிட்டால் மருந்துக்கடைச் சிரிப்பு தானாக அடங்கும்.

அன்று மாலையே கூடத்தில் கூட்டம் போட்டார்.

"தனித்தனியா கூப்பிட்டுத்தான் கேப்பாங்க. ஒருத்தர் சொல்றது இன்னொருத்தர் காதுல விழாது. அதனால இப்பவே தெளிவா வச்சுக்கணும். நிறம்?"

"ஆரஞ்சு" என்றான் மகன்.

"எத்தனை?"

மனைவி வாயைத் திறந்தார். "எனக்கு என்னவோ ரெண்டு மாதிரி…"

"ஒண்ணு" என்றார் பெரியவர். "எங்கே?"

"தண்ணித் தொட்டிக்கு நேர் மேலே" என்றான் மகன், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

மருமகள் தயங்கினாள். "மாமா, நான் லேப் வாசல்ல நின்னு பாத்தேன். அங்க தொட்டி எனக்கு முதுகுப் பக்கம்ல இருக்கும்…"

"தொட்டி ஊருக்கு நடுவுல இருக்கும்மா. எங்கேருந்து பாத்தாலும் தொட்டி தொட்டிதான்."

"விடு" என்றான் மகன் அவள் காதருகே. "கோர்ட்டையே நடத்தினவர் அப்பா. நீ நாலு ரத்தப் பரிசோதனை பண்ணிட்டு அவருக்குச் சாட்சி சொல்லக் கத்துக்குடுக்கப் போறியா?"

ஆராய்ச்சியாளர் வீட்டுக்கே வந்து ஒவ்வொருவரையும் தனி அறையில் வைத்துக் கேட்டார். எங்கே நின்றீர்கள், எதற்கு மேலே தெரிந்தது, எத்தனை, என்ன நிறம். நால்வரும் ஒரு சொல் பிசகாமல் சொன்னார்கள். அவர் போன பிறகு பெரியவர் மனைவியிடம், "எந்த வக்கீலும் இதுல ஊசி நுழைக்க முடியாது" என்றார். அன்று இரவு நன்றாகத் தூங்கினார்.

சில நாள் கழித்துத் தொலைபேசி வந்தது. ஆராய்ச்சியாளரின் குரலில் உற்சாகம் வழிந்தது.

"ஐயா, உங்க கேஸ் முடிஞ்சிடுச்சு! இவ்வளவு சுத்தமா எதுவும் முடிஞ்சதே இல்ல. வீட்டுலேருந்து ஒரு கோடு, பட்டறையிலேருந்து ஒரு கோடு, லேப்லேருந்து ஒரு கோடு. மூணும் சரியா தண்ணித் தொட்டியிலேயே சந்திக்குது. நானே ஏறிப் பாத்துட்டேன். உச்சியில விமானத்துக்காக ஒரு சிவப்பு விளக்கு வச்சிருக்காங்க. கண்ணாடி வெளுத்து ஆரஞ்சா தெரியுது. நீங்க பாத்தது அதுதான்."

"பல்பா?"

"பல்புதான்யா."

நகராட்சி பல்பு. நால்வர் அடங்கிய ஒரு குடும்பம், வருஷக்கணக்காகத் தினமும் பார்க்கும் தொட்டியின் பல்பை, வானத்து அதிசயம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. தொட்டியின் காவலாளி வழியாகச் செய்தி மருந்துக்கடைக்கு வந்து சேர அதிக நேரம் பிடிக்கவில்லை. மைத்துனர் அன்றே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அத்தான், எங்க தெருவுல ஒரு டியூப்லைட்டு விட்டு விட்டு எரியுது. குடும்பத்தோட வந்து பாத்துட்டுப் போறீங்களா?"

"உன் வாயிலதான் ஒரு பூட்டு போடணும்டா" என்றார் அவர் அக்கா.

 பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குக் கிளம்பினார். மனைவியும் கூடவே நடந்தார்.

"நீ எதுக்கு?"

"நானும்தானே பல்ப பாத்தேன்?"

நூலக மாடியில் ஒரு சுவர் முழுக்க ஊரின் வரைபடம். மூன்று குண்டூசிகள், மூன்றிலிருந்தும் தொட்டிக்கு இழுத்துக் கட்டிய சிவப்பு நூல்கள். ஆராய்ச்சியாளர் பெருமையோடு காட்டினார். பெரியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். அந்த ஊர் அவருக்கு உள்ளங்கை மாதிரி. வீட்டிலிருந்து தொட்டிக்குப் போகும் நூல் கிழக்கே ஏரியை நோக்கிச் சென்றது. அது சரி. பட்டறை தொட்டியைத் தாண்டி, ஏரிக்கரை ஓரமாக இருக்கிறது. அதன் நூல் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே திரும்பி வந்தது. பரிசோதனைக் கூடத்து நூலும் அப்படியே. ஆனால் மனைவி தொலைபேசியில் சொன்னது கிழக்கே பார் என்றுதானே? பிள்ளையும் மருமகளும் கிழக்கேதானே பார்த்தார்கள்?

வரைபடத்தில் எந்தத் தப்பும் இல்லை. நூலிலும் இல்லை. சொல்லிக் கொடுத்ததைச் சொன்ன குழந்தைகளிடமும் இல்லை.

சொல்லிக்கொடுத்த சாட்சி. நீதிமன்றத்தில் அந்த வார்த்தை எப்படி ஒலிக்கும் என்று அவருக்குத் தெரியும். நீதிபதி பேனாவை மூடிவிடுவார். இப்போது பேசாமல் படியிறங்கினால், பல்பைப் பார்த்து ஏமாந்த குடும்பம் என்ற பேரோடு போய்விடும். வாயைத் திறந்தால், கூடிப் பேசி வைத்துக்கொண்டு சொன்ன குடும்பம் என்று ஆகிவிடும். பக்கத்தில் நின்ற மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருந்ததுதான் பெரியவருக்குத் தாங்கவில்லை. இந்த வீட்டில் இத்தனை காலமாக அவர் எதையெல்லாம் சொல்லாமல் இருந்தாரோ!

"மேடம், அந்த மூணு நூலையும் எடுத்துடுங்க" என்றார் பெரியவர்.

"ஏன்யா?"

"அது மூணும் ஒரே நூல். என்னோடது. எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும்னு வீட்டுல உக்காத்தி வச்சுப் பாடம் பண்ணிக் குடுத்தேன். பொய் சொல்லச் சொல்லல. ஆனா என் கண்ணால பாத்ததை அவங்க வாயால சொல்ல வச்சுட்டேன்."

பேனா மூடப்படும் என்று எதிர்பார்த்தார். ஆராய்ச்சியாளர் தலையில் இருந்த கண்ணாடியைத் தேடிக் கண்டுபிடித்து மூக்கில் மாட்டிக்கொண்டு, அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"அதான் பாத்தேன்! நாலு பேரும் 'நேர் மேலே'ன்னு சொன்னாங்க. ஒருத்தர்கூட 'கொஞ்சம் தள்ளி'ன்னு சொல்லல. எனக்கே உறுத்துச்சு, ஆனா முடிவு அவ்வளவு அழகா வந்ததால விட்டுட்டேன். தப்பு என் பேர்லயும் இருக்கு. ஐயா, கோர்ட்டுல எப்படியோ தெரியாது, எங்களுக்கு ஒத்துப்போற சாட்சி வேலைக்கு ஆகாது. மூணு இடத்துல நின்னா மூணு விதமாத்தான் தெரியும். அந்த வித்தியாசத்தை வச்சுத்தான் அது எவ்வளவு தூரத்துல இருந்துச்சுன்னே கண்டுபிடிக்க முடியும்."

"ரெண்டு" என்றார் மனைவி.

இருவரும் திரும்பினார்கள்.

"வெளிச்சம் ரெண்டு. பக்கத்துல பக்கத்துல. அப்புறம் சேந்து ஒண்ணாச்சு, மறுபடியும் பிரிஞ்சுது."

"இதை நீ அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே?" என்றார் பெரியவர்.

"சொன்னேனே. நீங்க ஒண்ணுன்னீங்க. சரி, ஒண்ணாவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அன்று மாலை கூடத்தில் வழக்கம்போல எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெரியவர் தொண்டையைச் செருமினார். "அவங்கவங்க பாத்ததை அவங்கவங்க சொல்லலாம். நான் குறுக்கே பேச மாட்டேன்" என்றார். மகன் மருமகளைப் பார்த்தான், மருமகள் மாமியாரைப் பார்த்தாள். இது ஏதோ பொறி என்று நினைத்தார்களோ என்னவோ! அப்புறம் அணை உடைந்தது.

"ஆரஞ்சே இல்லப்பா அது, வெள்ளை!"

"வெள்ளையா? ஏங்க, பட்டறையில வெல்டிங் பாத்துப் பாத்து உங்களுக்கு எல்லாமே வெள்ளை. அது மஞ்சள்."

"சுவத்துக்கு மஞ்சள் வேணாம்னு அப்பவே சொன்னேன், அதையும் இப்ப சொல்லிடறேன்" என்றான் மகன்.

"அது இந்த விசாரணையில வராது" என்றார் பெரியவர். ஆனால் குறுக்கே பேசுவதில்லை என்ற வாக்கை மீறிவிட்டோமே என்று உடனே வாயை மூடிக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது.

ஆராய்ச்சியாளர் இந்தத் தடவை வார்த்தையை நம்பவில்லை. மகனைப் பட்டறை வாசலில் நிறுத்திக் கையை நீட்டச் சொன்னார். மருமகளைப் பரிசோதனைக் கூடத்து வாசலில் நிறுத்திக் கையை நீட்டச் சொன்னார். ஒவ்வொரு கைக்கும் திசைமானியை வைத்துப் பார்த்தார். மகனின் கை ஏரிக்கு அப்பால் கொஞ்சம் தெற்கே சாய்ந்தது, மருமகளின் கை கொஞ்சம் வடக்கே. வரைபடத்தில் புது நூல்கள் ஏறின. அவை ஊருக்குள் எங்கும் சந்திக்கவில்லை. ஏரியைக் கடந்து, ஏரிக்கு அந்தப் பக்கம் நிற்கும் தாழ்ந்த குன்றையும் கடந்து, அதற்குப் பின்னால் வெகுதூரத்தில் மலைச்சாலை திரும்பும் ஒரு வளைவில் போய்ச் சேர்ந்தன. பெரியவர் வீட்டு நூல் மட்டும் எந்த மாற்றமும் இல்லாமல், தொட்டிக்கு மேலாகவே நீண்டு அதே வளைவைத் தொட்டது.

"ரெண்டு வெளிச்சம், சேந்து பிரியுது" என்றார் ஆராய்ச்சியாளர். "வண்டி முகப்பு விளக்குன்னு நினைக்கிறேன்."

"அது நடக்காத காரியம் மேடம்" என்றார் பெரியவர். "அந்தச் சாலை ஊர்லேருந்து தெரியாது. குன்று மறைச்சிடும். நான் பாத்தது குன்றுக்கு மேலே, வானத்துல. இதை என் குடும்பத்துல யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல."

"நீங்க பாத்தது சரி. சாலை தெரியாதுங்கறதும் சரி. ஆனா அன்னிக்கு மாதிரி தரை குளிர்ந்து, அதுக்கு மேலே சூடான காத்து அசையாம நின்னா, வெளிச்சம் நேரா போகாது. வளைஞ்சு குன்றைத் தாண்டி வரும். அப்ப கீழே இருக்கறது மேலே இருக்கற மாதிரி தெரியும். இப்படித்தான்னு நான் நினைக்கிறேன், அவ்வளவுதான். நிரூபிக்கணும்னா அதே மாதிரி ஒரு மாலையில ஒரு வண்டியை அந்த வளைவுல நிறுத்தணும்."

இரண்டாவது பெட்டி கைநழுவுகிறது என்பது பெரியவருக்குப் புரிந்தது. ஒரு கணம் மனம் சுணங்கியது. ஆனால் தான் சொன்னது சரி என்று ஒரு விஞ்ஞானி சொன்னதும், அதைச் சோதித்துப் பார்க்கவும் தயாராக இருந்ததும் அந்தச் சுணக்கத்தைத் துடைத்துவிட்டன.

வண்டி கொடுக்க முன்வந்தது வேறு யாருமில்லை, மைத்துனர்தான். புதுக் கார், கண்ணைப் பறிக்கும் விளக்கு.

"நானே போறேன். இங்கேருந்து அந்த வளைவு தெரியுதாம்! தெரியலைன்னா அத்தான் என் கடைக்கு வந்து, எல்லார் முன்னாடியும் அந்தச் சொட்டு மருந்தை வாங்கிக்கணும்."

"தெரிஞ்சா?" என்றார் அவர் அக்கா.

"தெரிஞ்சா… அதை அப்புறம் பாத்துக்கலாம்."

வானிலை கைகொடுக்கக் காத்திருந்தார்கள். மேகம் வந்தது, காற்று வந்தது, ஒரு நாள் தூறலும் வந்தது. கடைசியில் வெயில் வாட்டிய ஒரு பகலுக்குப் பின் காற்று நின்றுபோன ஒரு மாலை வாய்த்தது. மைத்துனர் கிளம்பிப் போனார். எப்போது விளக்கைப் போட வேண்டும், எப்போது அணைக்க வேண்டும் என்பது அவருக்கும் ஆராய்ச்சியாளருக்கும் மட்டுமே தெரியும். மகன் பட்டறையில், மருமகள் பரிசோதனைக் கூடத்தில், பெரியவரும் மனைவியும் மொட்டை மாடியில். பார்த்ததை அவரவர் ஆராய்ச்சியாளரிடம் தொலைபேசியில் சொல்ல வேண்டும், தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கூடாது என்பது உத்தரவு.

இருட்டியது. தொட்டி உச்சியில் அந்தப் பாழாய்ப்போன பல்பு ஆரஞ்சாக எரிந்தது. அதற்கு மேலே, குன்றின் கறுத்த விளிம்புக்கும் மேலே, ஒன்றுமில்லை. பெரியவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. நீதிமன்றத்தில் தீர்ப்புக்கு முன்னால்கூட அவருக்கு இப்படி அடித்ததில்லை. அங்கே தீர்ப்பு வேறு யாருக்கோ.

அப்போது வந்தது. அதே இடம், அதே உயரம். பெருத்தது, சிறுத்தது, மறைந்தது, மறுபடியும் வந்தது. "பாத்தியா?" என்று திரும்பி மனைவியிடம் கேட்கப் போனவர், நாக்கைக் கடித்துக்கொண்டார். மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கண்கள் மட்டும் சிரித்தன.

தொலைபேசி ஒலித்தது. "சொல்லுங்கய்யா" என்றார் ஆராய்ச்சியாளர்.

"தொட்டிக்கு மேலே, அரை விரல்கடை வலது பக்கம் தள்ளி. அன்னிக்கு நேர் மேலேன்னு சொன்னேன். இப்ப நல்லாப் பாத்துச் சொல்றேன், கொஞ்சம் வலது. ரெண்டு தடவை அணைஞ்சுது. ரெண்டாவது தடவை நேரம் கூட."

"எத்தனை வெளிச்சம்?"

பெரியவர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். அவருக்கு ஒன்றுதான் தெரிந்தது. முன்பானால் அத்தோடு முடிந்திருக்கும்.

"எனக்கு ஒண்ணு. பக்கத்துல இருக்கறவங்களுக்கு ரெண்டு தெரியலாம். போனை அவங்ககிட்ட குடுக்கறேன், அவங்களையே கேட்டுக்குங்க. எது வந்தாலும் அப்படியே எழுதுங்க."

மனைவி கைப்பேசியை வாங்கிக்கொண்டு, மாடியின் இன்னொரு மூலைக்குப் போய், அவருக்குக் கேட்காமல் தாழ்ந்த குரலில் வெகுநேரம் பேசினார். அவ்வளவு நேரம் சொல்ல அங்கே என்ன இருந்தது என்று பெரியவருக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றி, குன்றின் மேல் நின்ற வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அணைத்ததும் போட்டதும் நால்வர் சொன்னதோடும் பொருந்தின. மகனுக்கு வெள்ளை, மருமகளுக்கு மஞ்சள் என்ற தகராறு மட்டும் தீரவில்லை. ஆராய்ச்சியாளர் அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்.

எல்லோரும் வீடு திரும்பிக் கூடத்தில் கூடியிருந்தபோது மைத்துனரின் கார் வாசலில் வந்து நின்றது. குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"என்ன அத்தான், ஏதாவது தெரிஞ்சுதா? எனக்கு அங்க ஒரு மண்ணும் தெரியல. சுத்தி ஒரே இருட்டு. வெறுமனே சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

 பழக்க தோஷம், எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்கறீங்க?" என்றார் பெரியவர். "ஆளாளுக்குச் சொல்லுங்க."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். வெள்ளை என்றான் ஒருவன், மஞ்சள் என்றாள் ஒருத்தி, ரெண்டு, ரெண்டு என்று விரலைக் காட்டினார் அக்கா. மைத்துனர் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது.

"அப்ப… வானத்துல தெரிஞ்சது நானா?"

"நீதான்டா" என்றார் பெரியவர், நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டு. "உக்காரு. நாளைக்குக் கடைக்கு வர்றவங்ககிட்ட நீயே உன் வாயால சொல்லு. எங்க வீட்டுல யாரும் சொல்லிக் குடுக்க மாட்டாங்க."